இடம் மாறி ஒட்டிய ஃபின்

நாற்பத்தாறு வயதில் அலைச்சறுக்குப் பலகை செய்யப்போகிறேன் என்று சொன்னபோது மனைவி இட்லி மாவு கரைப்பதை நிறுத்தவில்லை. "கடைல விக்கிறாங்கதானே?" என்று மட்டும் கேட்டாள். விற்கிறார்கள்தான். ஆனால் நான் இருபது வருடத்துக்கு மேலாக மயிலாப்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். லென்ஸின் ஓரத்தைக் கல்லில் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைக்கிற வேலையை இன்றும் நானே செய்கிறேன். அடுத்தவர் தேய்த்த வளைவு சரியாக இருக்கும் என்று நம்ப எனக்கு மனசு வராது. இதற்கு நான் தொழில் சுத்தம் என்று பேர் வைத்திருக்கிறேன். அவள் திமிர் என்கிறாள்.

கோவளத்தில் இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில், வாடகைப் பலகையில் பழகி எழுந்து நிற்கிற அளவுக்குத் தேறியிருந்தேன். நின்றபின் என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். சொந்தப் பலகை இருந்தால் அவ்வளவு தூரம் போகாமல் பட்டினப்பாக்கத்திலேயே இறங்கலாம் என்று ஆசை வந்தது. ராயப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம்கூட ஆகாது.

மொட்டை மாடியில் துணிக் கொடிகளுக்கு நடுவே வேலை நடந்தது. ஐஸ் பெட்டிச் சுவருக்குள் வைக்கிற மஞ்சள் ஃபோம் அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி, ரம்பத்தால் அறுத்து, ராவி ராவி, ஏழு அடியில் ஓர் உருவம் கொண்டுவந்தேன். மாடி முழுக்க மஞ்சள் தூள். பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட வெள்ளை வேட்டியிலும் மஞ்சள் தூள். அவரிடம் மனைவிதான் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

ஃபோம் மேல் ஃபைபர் துணி விரித்து ரெசின் என்கிற பசையைப் பூசுவது எனக்குத் தெரியாத வேலை. அதற்கு ஒருவன் இருந்தான். பட்டினப்பாக்கத்தில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவன். பல வருடம் முன்பு எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டபோது ஒட்ட வந்தான். தொட்டி ஒழுகுவது நின்றது. அவன் வருவது நிற்கவில்லை, நண்பனாகிவிட்டான். என்னைவிட ஒரு வயது சின்னவன், அவ்வளவுதான். முன்பு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். வலை இழுக்கும்போது தோள்பட்டை விட்டுப்போனதிலிருந்து கரையில் படகு வேலை. அவன் மனைவி அங்கேயே மீன் விற்கிறாள். "அவன் ஒட்னா தண்ணி ஏறாது" என்று குப்பத்தில் சொல்வார்கள். அவனுக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் வேலை வந்தது.

இனி ஃபின் விஷயத்துக்கு வருகிறேன். பலகையின் அடியில், வால் பக்கத்தில், மீனின் துடுப்பு மாதிரி மூன்று ஃபின் நிற்கும். இவை இல்லாவிட்டால் பலகை அலையில் பிடிப்பில்லாமல் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். நடு ஃபின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் புடைத்திருக்கும். ஓரத்து இரண்டும் அப்படியில்லை. நடுவைப் பார்க்கிற உள்பக்கம் தட்டையாகவும் வெளிப்பக்கம் புடைப்பாகவும் இருக்க வேண்டும். முன்முனை கால் அங்குலம் நடுவை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிவு என்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கிற பழைய கல்லில் ஃபைபர் தகட்டைத் தேய்த்து மூன்றையும் நானே செய்தேன். ஓரத்து ஃபின்கள் இரண்டையும் மேசைமேல் நிற்கவைத்து, என் வலக்கைப் பக்கம் நிற்க வேண்டியதில் 'வ' என்றும், இடக்கைப் பக்கம் நிற்க வேண்டியதில் 'இ' என்றும் மார்க்கரால் எழுதினேன். மறுநாள் மாடியில் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, ஃபின் உட்காருகிற இடங்களைக் கோடு கிழித்து, அங்கேயும் 'வ', 'இ' எழுதினேன்.

நண்பன் வந்தான். ரெசினில் அதை இறுகவைக்கிற ஹார்ட்னரைக் கலக்கினான். 'வ' இருந்த இடத்தில் 'வ' ஃபின்னை வைத்தான், 'இ' இருந்த இடத்தில் 'இ'. வைத்துவிட்டுக் கட்டை விரலால் இரண்டையும் ஒரு தடவு தடவினான்.

"பாய், குண்டுப் பக்கம் உள்ள வருது. கரீட்டா பாத்துக்க."

"நீ ஒட்டு நைனா. கணக்கு என்னுது," என்றேன்.

அவன் ஒட்டினான். அழகாகவே ஒட்டினான். ஃபின்னின் அடியில் ஃபைபர் நூலைத் திரித்து வைத்து, அதன்மேல் துணி போட்டு, பிசிறில்லாமல் வழித்துவிட்டான்.

பலகையை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வைத்துப் பட்டினப்பாக்கம் கொண்டுபோன காலையில் கரையில் நல்ல கூட்டம். படகுகள் வந்து, மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். எல்லோரும் ஒரு கண்ணை மீனிலும் ஒரு கண்ணை என்மேலும் வைத்திருந்தார்கள். நான் பலகையில் குப்புறப் படுத்து, கையைத் துடுப்பாகப் போட்டுக் கடலுக்குள் போய், ஒரு சுமாரான அலையைப் பிடித்து எழுந்தேன். பலகை வாலை உதறியது. இடது பக்கம் சாய்ந்தால் இழுத்துப் பிடித்தது. விட்டால் வலது பக்கம் ஓடியது. அடியிலிருந்து ஒரு முனகல் சத்தம் வேறு. நான் விழுந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். ஆறாவது முறை பலகை என் தாடையில் இடித்தது. கரையில் யாரோ விசில் அடித்தார்கள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். மூக்குக்குள் உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நேராக நண்பனிடம் போனேன். அவன் பக்கத்தில் ஒரு படகுக்காரர் நின்றிருந்தார். அவருடைய படகு அடிவயிற்றில் நீளமாகக் கீறி, மணலில் கவிழ்ந்து கிடந்தது. அந்த வேலையைப் பற்றித்தான் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

"உனக்குக் கை போயிடுச்சு நைனா. ஒரு றெக்கைய நேரா ஒட்டத் தெரியல. நீ போட்டை எப்டி ஒட்டுவ?"

கத்தித்தான் சொன்னேன். ஏலம் ஒரு நிமிஷம் நின்று, பிறகு தொடர்ந்தது. அவன் என்னையே பார்த்தான். "சரி பாய்," என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் மீன் வாங்கப் போனபோது அவன் மனைவி எனக்கு வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். "போட்டுக்காரரு காசிமேட்லேர்ந்து ஆள வரச் சொல்லிக்கீறாரு பாய். நீ சொன்ன வார்த்த, இங்கேர்ந்து ஊரூர் குப்பம் வரிக்கும் போய்க்கினு கீது." அந்தப் படகு வேலை மூன்று வாரச் சோறு என்று எனக்குத் தெரியும். மனசு உறுத்தியது. ஆனாலும், தப்பு அவனுடையதுதானே, நான் இல்லாததையா சொன்னேன் என்று ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு ஒரு மாமி வந்தார். வாடிக்கையாளர்தான், தெற்கு மாட வீதிப் பக்கம் வீடு. நாற்காலியில் உட்காரவைத்து, "வலது கண்ணை மூடிக்குங்க," என்று சொல்லி, எப்போதும் போல என் இடது கையை நீட்டி அவருடைய வலது கண்ணைக் காட்டினேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வலது, எனக்கு இடக்கைப் பக்கம். ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை தானாக மாறிப் போகும்.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னாச்சு? கையை நீட்டிண்டு சிலையாட்டம் நிக்கறேளே," என்றார் மாமி.

மாடியில் பலகை மல்லாந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நான் அதற்கு எதிரில் நின்று, நாற்காலியில் உட்கார்ந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்து, அதனுடைய வலதில், அதாவது என் இடக்கைப் பக்கம், 'வ' எழுதியிருக்கிறேன். ஃபின்னில் எழுதியது என்னுடைய வலது. இரண்டும் இரண்டு வலது. அதனால்தான் இரண்டு ஃபின்னும் இடம் மாறி, புடைப்பு உள்ளேயும் தட்டை வெளியேயும் போயிற்று. உலகத்தில் வேறு எந்த மடையனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். இதற்கு இருபது வருட அனுபவம் தேவை. மாமிக்குக் கண் பார்த்து அனுப்பிவிட்டு, பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். குண்டுப் பக்கம் உள்ள வருது, கரீட்டா பாத்துக்க என்று அவன் சொன்னது காதில் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று, கடையிலிருந்து நல்லதாக ஒரு படிக்கிற கண்ணாடி எடுத்துக்கொண்டேன். அவனுக்குக் கிட்டத்தில் இருப்பது கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது என்பது எனக்குத் தெரியும். ரெசின் டப்பாவில் இருப்பதைக் கையை நீட்டி எட்ட வைத்துத்தான் படிப்பான். டீ கொடுத்தார்கள். பொதுவாக ஏதேதோ பேசினோம். தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வராமல், கண்ணாடிப் பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் திறந்து பார்த்தான். மூடினான். திருப்பி என் மடியில் வைத்தான்.

"என் கண்ணு நல்லாத்தான் கீது பாய்."

நான் அசடு வழிய எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, கோணலா ஒட்டிட்டான்னு பத்து பேர் முன்னாடி திட்டிட்டு, இப்போ கண்ணாடிய கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க. உனக்குக் கண்ணு தெரியலன்னு வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்த மாதிரி இல்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடிக்காரனுக்கு யாருக்கு எதைக் கொடுத்தாலும் கண்ணாடியாகத்தான் தோன்றும் போலிருக்கிறது. "நாளைக்குத் திரும்பப் போய்ச் சொல்றேன்," என்றேன்.

"வீட்ல இல்ல. திட்டின இடத்துல," என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். திட்டும்போது கூட்டம் கண்ணிலேயே படவில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால் ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரியும்.

விடிந்ததும் ஏலம் நடக்கிற இடத்துக்குப் போனேன். மணலில் சங்கரா மீனும் கவலை மீனும் குவியல் குவியலாக இருந்தன. பெண்கள் சுற்றி நின்று ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நண்பனின் மனைவி ஒரு கூடையோடு முன்வரிசையில். நண்பன் தள்ளி ஒரு படகின் நிழலில். படகுக்காரரும் இருந்தார். ஒரு குவியல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கிற இடைவெளியில் நான் தொண்டையைச் செருமினேன். ஏலம் விடுகிறவர் நானும் ஏலம் கேட்கிறேன் என்று நினைத்துத் திரும்பினார்.

"அன்னிக்கு இங்க நின்னு இவனைத் திட்டினேன். தப்பு இவனது இல்ல. நான் வலது இடது மாத்தி எழுதிட்டேன். இவன் ஒட்டுறதுக்கு முன்னாடியே சொன்னான். நான்தான் கேக்காம ஒட்டச் சொன்னேன்," என்றேன்.

நண்பனின் மனைவி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அங்க பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல பாய். அன்னிக்கு நல்லாக் கேட்டிச்சு."

சிரிப்பு கிளம்பியது. நான் மறுபடியும் சொன்னேன், இந்த முறை அன்று கத்திய அதே குரலில். சொல்லி முடித்ததும், ஆச்சரியமாக, உடம்பு லேசாகிவிட்டது. படகுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நகர்ந்துவிட்டார். காசிமேட்டு ஆள் இன்னும் வரவில்லை. வருவான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நண்பன் எழுந்து வந்து என் முன்னால் நின்றான்.

"பலகைய எட்த்துகினு வா. அத அப்டியே வுட்டா எனுக்குத்தான் அசிங்கம்."

சரிசெய்வது ஒட்டுவதைவிடப் பெரிய வேலை. கரையிலேயே, பலகையை இரண்டு ஐஸ் பெட்டிகள்மேல் கவிழ்த்துப் போட்டான். முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு கிரைண்டரால் ஓரத்து ஃபின்களின் அடியை அறுத்தான். அவன் போட்ட ஒட்டு அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. வெள்ளைத் தூள் இரண்டு பேர் தலையிலும் படிந்து ஒரே நாளில் கிழவர்கள் ஆனோம். பழைய ரெசினைத் தேய்த்து மழமழவென்று ஆக்கிய பிறகு, நான் என் பாட்டுக்கு மார்க்கரை எடுத்தேன். அவன் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"எழுதாத. எழுதுனாதான் உனுக்கு வம்பு. தட்டப் பக்கம் நடுவப் பாக்கணும். அவ்ளோதானே?"

அவ்வளவுதான். பலகையின் மூக்கு முனையில் ஒரு ஆணியடித்து நூல் கட்டி, வால் வரை இழுத்து நடுக்கோடு பிடித்தோம். அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம். முன்முனை கால் அங்குலம் உள்ளே. வெளிப்பக்கம் எவ்வளவு சாய வேண்டும் என்பதைக் கடையிலிருந்து கொண்டுபோன பாகைமானியால் நான் பார்த்தேன். அதற்கு மட்டும் எனக்கு அனுமதி கிடைத்தது. அட்டையில் சரிவு வெட்டி முட்டுக் கொடுத்து, ஃபின் நகராமல் டேப் ஒட்டினோம். வெயில் ஏறிவிட்டதால் ஹார்ட்னரை ஒரு மூடி குறைத்தான். ரெசின் இறுகுகிற வரையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஃபின்னைப் பிடித்துக்கொண்டு மணலில் மண்டியிட்டிருந்தோம். பேச்சு தானாக வந்தது. தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழை வந்தால் வலிக்கிறது என்றான். நான் திட்டியதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த அரை மணி நேரம் எனக்குச் சுகமாக இருந்தது.

இரண்டு நாள் காயவிட்டோம். மூன்றாம் நாள் காலை பலகையைத் தண்ணீரில் இறக்கினேன். மனைவியும் வந்திருந்தாள், நான் விழுவதைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு. கரையில் நண்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கொஞ்சம் தள்ளிப் படகுக்காரர், கடலைச் சும்மா பார்ப்பது போல. எனக்கு அலைக்குப் பயமில்லை, விழுந்தால் என்னோடு அவனும் விழுவான் என்று பயம். பத்து பேர் முன்னால் தப்பை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. பலகை மறுபடியும் வாலை உதறினால் அந்தப் பேச்செல்லாம் நட்புக்குச் சொன்ன பொய்யாகிவிடும்.

முதல் அலையில் முழங்காலில் மட்டும் எழுந்தேன். பலகை நேராகப் போனது. முனகல் இல்லை. கரையில் படகுக்காரர் நண்பன் பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. இரண்டாவது அலையில் எழுந்து நின்றேன். இடது காலை லேசாக அழுத்தினேன். சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. என் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு ஒழுங்காக என் பேச்சைக் கேட்டதில்லை. நுரை முழங்காலில் அடிக்க, கரைக்குப் பத்தடி தூரம் வரை விழாமல் வந்தேன். மனைவி கை தட்டினாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நண்பனைத் தேடினேன். அவன் நின்ற இடத்தில் அவன் இல்லை. படகுக்காரரும் இல்லை.

திரும்ப உள்ளே போய்க் காத்திருந்தேன். மூன்றாவதாக வந்ததுதான் நல்ல அலை. அந்த மாதிரி ஒன்றை அதற்குப் பிறகும் நான் பிடித்ததில்லை. அதன் தோளில் ஏறி, ஆற்று முகத்துவாரப் பக்கமாக நீளமாகச் சாய்ந்து போனேன். போகிற போக்கில், "நைனா, பாரு," என்று கத்தினேன்.

அவன் பார்க்கவில்லை. கீறிக் கிடந்த அந்தப் படகின் பக்கத்தில், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தான். கிரைண்டர் சத்தத்தில் நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்காது. பக்கத்தில் படகுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எங்கே அறுக்க வேண்டும் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் காற்றில் பறந்தது. நான் அலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தத் தூளையே பார்த்துக்கொண்டு போனேன். பலகை தானாகவே என்னைக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது.

"அவரு பாக்கவே இல்லையே," என்றாள் மனைவி.

"அவனுக்கு வேலை இருக்கு," என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் என்று சொல்லிவைத்தேன், அவள் நம்பவில்லை.